எண்களைக் கற்பிப்போர் கூடும் இடம்
புள்ளியியல் ஆசிரியர் குழு ஒன்றை நடத்தும் முறை

கரும்பலகையில் பத்து எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மாணவர்கள் அவற்றின் கூட்டுச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பிழையின்றிக் கணித்துவிடுகின்றனர். ஆனால், "இப்பத்து எண்களும் எங்கிருந்து வந்தன? இவற்றை அளந்தவர் யார்? எதை அறிய விரும்பி அளந்தார்?" என்று வினவினால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது. பல சமயங்களில் ஆசிரியரிடமும் இதற்கு விடை இராது. கணக்கு எளிதில் முடியவேண்டும் என்பதற்காகவே பாடநூலாசிரியர் அவ்வெண்களைப் புனைந்திருப்பார். புள்ளியியல் கல்வியின் முதற் குறை இது. மழையளவு, விளைச்சல், விலைவாசி, நோய்ப் பரவல் முதலிய எண்களைக் கொண்டே அரசாங்கமும் குடிமக்களும் முடிவு செய்யும் நாட்டில், எண்ணின் பிறப்பிடத்தைக் கேட்கத் தெரியாத பட்டதாரி ஏமாற்றத்துக்கு இலக்காகிறார்.

இக்குறையைத் தனி ஓர் ஆசிரியர் நீக்குவது கடினம். அவருக்குத் துணை வேண்டும். அத்துணையை அளிப்பதற்கென்றே புள்ளியியல் கற்பிப்போரின் குழுக்கள் உலகின் பல பகுதிகளில் தோன்றியுள்ளன. அத்தகைய குழு எவ்வாறு உருவாகிறது, எதனால் உயிர்வாழ்கிறது, எதனால் நலிந்துபோகிறது என்பவற்றைச் சித்தூர்-திருப்பதி வட்டாரத்தை முன்னிறுத்தி இங்கு ஆராய்வோம்.

அருகிருந்தும் அறியாதவர்கள்

திருப்பதி ஒரு கல்வி நகரம். ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக் கழகம் 1954-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்டது. ஸ்ரீ வேங்கடேசுவர வேளாண்மைக் கல்லூரி 1961-இலும், ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகம் 1983-இலும் தோன்றின. இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் 2015-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தன. அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூரிலும் கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் பல உள்ளன.

இத்தனை இடங்களிலும் புள்ளியியல் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் அது ஒரே பெயரில், ஒரே துறையில் கற்பிக்கப்படுவதில்லை. கணித ஆசிரியர் அதனை நிகழ்தகவின் ஒரு பகுதியாகக் கருதுகிறார். வணிகவியல் ஆசிரியர் குறியீட்டெண்களையும், பொருளாதார ஆசிரியர் மாதிரி ஆய்வுகளையும், வேளாண்மை ஆசிரியர் வயல் சோதனைகளையும், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உள்ளவர் தேர்வு மதிப்பெண்களையும் முன்வைத்துக் கற்பிக்கின்றனர். ஒரே ஊரில் ஐவர் திட்ட விலக்கத்தைக் கற்பித்தும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இயல்பாகிவிடுகிறது. இவர்களுள் வேளாண்மை ஆசிரியரிடம் உண்மையான அளவுகள் இருக்கும். கணித ஆசிரியரிடம் அவற்றை விளக்கும் கோட்பாடு இருக்கும். இவ்விரண்டும் சந்திக்காதிருப்பதே குறை.

குத்தியிலிருந்து வந்த கடிதம்

தனித்திருந்தவர்களை இணைத்த முயற்சிக்குச் சிறந்த முன்மாதிரி இதே இராயலசீமைப் பகுதியிலேயே உண்டு. அது புள்ளியியலுக்கு உரியதன்று, கணிதத்துக்கு உரியது. எனினும் அதன் படிப்பினை இங்கும் பொருந்தும்.

அனந்தப்பூர் மாவட்டத்துக் குத்தியில் டெபுடி கலெக்டராகப் பணிபுரிந்த திரு. வி. இராமசாமி ஐயர், 1906-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தம் நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித நூல்களும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளும் தனியொருவரால் வாங்க இயலாதவை. பலர் சந்தா செலுத்தி அவற்றை வாங்கித் தமக்குள் சுற்றுக்கு விடலாம் என்பது அவருடைய யோசனை. 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இருபது உறுப்பினர்களுடன் அக்கழகம் தோன்றியது. அதன் நூலகம் பூனாவிலுள்ள பெர்குசன் கல்லூரியில் வைக்கப்பட்டது. உறுப்பினர்கள் தத்தம் ஊரில் இருந்தவாறே தபால் மூலம் சஞ்சிகைகளைப் பெற்றுப் படித்துத் திருப்பி அனுப்பினர். பின்னாளில் இந்தியக் கணிதக் கழகம் எனப் பெயர் பெற்றது இதுவே.

இக்கழகத்தின் சஞ்சிகை 1909-இல் தொடங்கிற்று. அதில் வினாக்களுக்கென ஒரு பகுதி இருந்தது. ஒருவர் வினா விடுப்பார், வேறோர் ஊரிலுள்ள மற்றொருவர் விடை அனுப்புவார். வேலை தேடி அலைந்துகொண்டிருந்த இராமானுஜன், 1910-ஆம் ஆண்டில் திருக்கோவிலூரில் இராமசாமி ஐயரைச் சந்தித்தார். 1911-இல் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சஞ்சிகையிலேயே வெளிவந்தது. எவருக்கும் அறிமுகமில்லாத ஓர் இளைஞர் நுழைவதற்கு ஒரு வாயில் திறந்திருந்தது என்பதே இவ்வரலாற்றின் பெருமை.

கழகம் தன் முதல் மாநாட்டைச் சென்னையில் 1916-ஆம் ஆண்டில்தான் நடத்தியது. அதாவது, தோன்றியபின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மாநாடின்றியே அது உயிர்வாழ்ந்தது. தவறாமல் கைக்குக் கை மாறிய நூல்களும் வினாக்களுமே அதனை வாழ்வித்தன. பிற்காலத்தில், பள்ளி ஆசிரியர்களுக்கென இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965-ஆம் ஆண்டில் சென்னையில் அமைந்தது. அதுவும் ஆசிரியர்களுக்கு ஒன்றும் மாணவர்களுக்கு ஒன்றுமாகச் சஞ்சிகைகளைத் தன் பணியின் அடிப்படையாகக் கொண்டது.

உலக அரங்கில்

புள்ளியியல் கல்வியை நோக்குமிடத்து, 1885-இல் நிறுவப்பட்ட சர்வதேசப் புள்ளியியல் நிறுவனம் 1948-ஆம் ஆண்டில் கல்விக்கென ஒரு குழுவை ஏற்படுத்தியது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளுக்குப் பயிற்சி பெற்ற புள்ளியியலாளர்கள் உடனே தேவைப்பட்ட காலம் அது. பேராசிரியர் மகலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், 1950-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர்வதேசப் புள்ளியியல் கல்வி மையம் திறக்கப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த அலுவலர்கள் அங்குப் பயிற்சி பெற்றனர்.

அலுவலர்களைப் பயிற்றுவித்தால் மட்டும் போதாது. ஆசிரியர்களையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்பது நாளடைவில் உணரப்பட்டது. புள்ளியியல் கற்பித்தல் பற்றிய முதல் சர்வதேச மாநாடு 1982-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் கூடியது. அதுமுதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெவ்வேறு நாட்டில் அது நடைபெற்று வருகிறது. 1998-இல் சிங்கப்பூரிலும், 2018-இல் ஜப்பானின் கியோட்டோவிலும் கூடியது. சர்வதேசப் புள்ளியியல் கல்விச் சங்கம் 1991-ஆம் ஆண்டில் தனி அமைப்பாக உருவாயிற்று.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஜார்ஜ் காப் என்னும் பேராசிரியர், பல ஊர்களிலிருந்த ஆசிரியர்களை மின்னஞ்சல் வழியே கலந்துரையாடச் செய்து, அதன் முடிவுகளை 1992-இல் அறிக்கையாக வெளியிட்டார். புள்ளியியல் முறையில் சிந்திப்பதை வலியுறுத்துக. உண்மையான தரவுகளையும் கருத்துகளையும் மிகுதியாகவும் சூத்திரங்களைக் குறைவாகவும் கற்பிக்க. மாணவரைச் செயலில் ஈடுபடுத்துக என்பவையே அதன் சாரம். குத்தியிலிருந்து தபாலில் சென்ற கடிதமும், அமெரிக்க ஆசிரியர்களின் மின்னஞ்சலும் செய்த பணி ஒன்றேயாகும்.

குழு பரிமாறிக்கொள்ள வேண்டியவை

இத்தகைய குழு சித்தூர்-திருப்பதி வட்டாரத்தில் அமையுமானால் அது எதனைச் சுற்றுக்கு விடும்? வட்டாரமே அதற்குப் பாடங்களை அளிக்கிறது. மூன்றினைக் காண்போம்.

முதலாவது, மாவட்ட எல்லை. சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லை மாற்றத்தால் திருத்தணிப் பகுதி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளிப் பகுதி அன்னமய்ய மாவட்டத்துக்குச் சென்றது. இந்நிலையில், "சித்தூர் மாவட்டத்தில் நிலக்கடலைச் சாகுபடிப் பரப்பு 2021-ஐவிட 2023-இல் வெகுவாகக் குறைந்துவிட்டது" என்று ஒரு மாணவர் வரைபடம் வரைந்தால் அதன் பொருள் என்ன? செடி குறைந்ததா, எல்லை குறுகியதா? பெயர் மாறாமல் பொருள் மாறிவிடும் எண்களைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுவதில்லை.

இரண்டாவது, பயிர் அறுவடைச் சோதனை. ஒரு மாவட்டத்தின் விளைச்சலை மதிப்பிட, சமவாய்ப்பு முறையில் தேர்ந்த வயல்களில் சிறு துண்டுகளை அளந்து அறுவடை செய்து எடை பார்க்கின்றனர். இத்துண்டின் அளவு என்னவாக இருக்கவேண்டும் என்பது 1940-களில் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. மிகச் சிறிய துண்டுகள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டுகின்றன என்பதை டாக்டர் பி. வி. சுகாத்மே தம் சோதனைகளால் வெளிப்படுத்தினார். காரணம் எளியது. எல்லைக் கயிற்றின்மீது நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்வது மனித இயல்பு.

இதனைப் பள்ளி மைதானத்திலேயே செய்து காட்டலாம். நான்கு முளைகளும் கயிறும் அளவு நாடாவும் போதும். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில், நாற்புறமும் 5 சென்டிமீட்டர் வெளியே உள்ளவற்றையும் தவறிச் சேர்த்துவிட்டால், பரப்பு 1 சதுர மீட்டருக்குப் பதிலாக 1.21 சதுர மீட்டர் ஆகிறது. பிழை நூற்றுக்கு 21. ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் அதே தவறு நேர்ந்தால் பரப்பு 25-க்குப் பதிலாக 26.01 ஆகிறது, பிழை நூற்றுக்கு ஏறத்தாழ 4 மட்டுமே. எத்தனை ஆயிரம் சிறு துண்டுகளை அளந்து சராசரி கண்டாலும் இப்பிழை தேய்ந்து மறையாது. எல்லாத் துண்டுகளிலும் அது ஒரே திசையில் நேர்கிறதல்லவா? தற்செயற் பிழைக்கும் சாய்வுப் பிழைக்கும் உள்ள வேறுபாட்டை இதன்பின் மாணவர் மறக்கமாட்டார்.

மூன்றாவது, திருமலையின் தரிசன வரிசை. எடுத்துக்காட்டுக்காக இரண்டு நாட்களைக் கற்பனை செய்வோம். முதல் நாள் 40,000 பக்தர்கள் வந்தனர். ஒவ்வொருவரும் 4 மணி நேரம் காத்திருந்தனர். மறுநாள் 80,000 பேர் வந்தனர். காத்திருந்த நேரம் 16 மணி. காத்திருக்கும் நேரத்தின் சராசரி என்ன? நாட்களைக் கொண்டு கணித்தால் 10 மணி. ஆனால் மலையிலிருந்து இறங்கிவரும் பக்தர்கள் அனைவரையும் கேட்டுச் சராசரி கண்டால் 12 மணி. இரண்டும் சரியான விடைகளே, வினாக்கள்தாம் வேறு. கூட்டம் மிகுந்த நாளில் மிகுதியான மக்கள் இருப்பதால், மக்களின் அனுபவம் நாட்களின் சராசரியைவிடக் கடுமையாகவே இருக்கும். பேருந்தின் நெரிசலுக்கும் வகுப்பின் மாணவர் எண்ணிக்கைக்கும் இதே விதி பொருந்தும்.

இம்மூன்று பாடங்களுள் எதுவும் ஒரே துறைக்கு உரியதன்று. முதலாவதைப் பொருளாதார ஆசிரியரும், இரண்டாவதை வேளாண்மை ஆசிரியரும், மூன்றாவதைக் கணித ஆசிரியரும் எழுதி, மற்றவர்களின் வகுப்புகளில் அவை நடத்தப்படும்போதுதான் குழு என்பதற்குப் பொருள் உண்டாகிறது.

மூன்று மொழிகளும் ஒரு சொல்லும்

சித்தூர் எல்லைப்புற மாவட்டம். தெலுங்கும் தமிழும் அங்கு அருகருகே வழங்குகின்றன. கல்லூரியில் ஆங்கிலமும் சேர்கிறது. இதனால் எழும் இடர் சிறியதன்று. தெலுங்குப் பாடநூலில் கூட்டுச் சராசரிக்கு "அங்கமத்யமம்" என்று பெயர். இடைநிலை அளவுக்கு "மத்யகதம்" என்று பெயர். "மத்யமம்" என்ற ஒலியைக் கேட்ட தமிழ் மாணவர் அதனை நடுவிலிருப்பது, அதாவது இடைநிலை அளவு, என்று கொள்வது எளிது. விலைகள் பெரிதும் ஏறியிறங்கும் தக்காளிச் சந்தையின் எண்களில் இவ்விரு அளவுகளும் வெகுதூரம் விலகி நிற்கும். ஆதலின் மும்மொழிக் கலைச்சொற் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது குழுவின் முதற் பணிகளுள் ஒன்றாதல் தகும். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே ஓர் எண் எடுத்துக்காட்டும் இருத்தல் நன்று. சொல்லால் தெளியாதது எண்ணால் தெளியும்.

நடத்தும் முறை

குழுவைத் தொடங்குவதைவிட நடத்துவது அரிது. ஆர்வமுள்ள ஒருவர் செயலாளராக வருகிறார். இரண்டாண்டு காலம் எல்லாம் சிறப்பாக நடக்கிறது. அவர் வேறூருக்கு மாற்றப்பட்டவுடன் குழு நின்றுவிடுகிறது. பதிவேடு அவருடைய வீட்டு அலமாரியில் இருக்கும். உறுப்பினர் முகவரிகள் அவருக்கு மட்டுமே தெரியும். இவ்விபத்தைத் தவிர்க்கச் சில எளிய விதிகள் உதவும்.

செயலாளருடன் துணைச் செயலாளர் ஒருவரும் தொடக்கத்திலிருந்தே பணிபுரிய வேண்டும். இரண்டாண்டுக்குப் பின் அவர் பொறுப்பேற்க வேண்டும். பதிவேட்டின் படிகள் இரண்டு ஊர்களில் இருத்தல் வேண்டும். சந்தா சிறு தொகையாக இருந்தாலும் வரவுசெலவுக் கணக்கு ஆண்டுதோறும் எல்லோர் முன்னும் படிக்கப்பட வேண்டும். சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்வது பின்னர் நடக்கலாம். முதலில் பணி நடக்கட்டும்.

இரண்டு திங்களுக்கு ஒருமுறை ஒரு பாடத்தாள் வெளிவர வேண்டும். அதன் அமைப்பு மாறாதிருத்தல் நலம்: தரவு எங்கிருந்து கிடைத்தது, கேட்கப்பட்ட வினா யாது, வகுப்பில் நிகழ்ந்தது என்ன, எங்குத் தவறிற்று. இறுதிப் பகுதியே மற்ற ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படுவது. வெற்றியை மட்டும் எழுதும் தாள் எவருக்கும் கற்பிப்பதில்லை. மாணவர்கள் தம் இல்லங்களிலிருந்து திரட்டிய விவரங்களைப் பயன்படுத்துமிடத்துப் பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிவிட வேண்டும்.

கூட்டங்கள் ஒருமுறை சித்தூரிலும் மறுமுறை திருப்பதியிலும் நடைபெறுதல் முறை. தேர்வு மாதங்களையும், பேருந்தும் தங்குமிடமும் கிடைத்தற்கரிய பிரம்மோற்சவ நாட்களையும் தவிர்க்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்கு ஏற்ற நாள் ஜூன் 29. பேராசிரியர் மகலநோபிஸ் 1893-இல் பிறந்த அந்நாள், 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

புள்ளியியல் ஆசிரியர்களின் குழு தன்னையும் அளந்துகொள்ளக் கடமைப்பட்டது. "ஒவ்வொரு கூட்டத்துக்கும் சராசரியாகப் பன்னிருவர் வந்தனர்" என்று அறிக்கையில் எழுதினால் போதாது. அதே பன்னிருவர் ஆறு கூட்டங்களுக்கும் வந்தனரா, அன்றி நாற்பது பேர் மாறி மாறி வந்தனரா? முன்னதில் குழு நண்பர் வட்டமாகச் சுருங்கிவிட்டது. பின்னதில் வந்தவர்களுள் பலர் தொடர்ந்து வரவில்லை. இரண்டுக்கும் பரிகாரம் வேறு. அவ்வாறே, புதிய பாடத்தின் பயனை அறிய விரும்பினால், இணை வகுப்புகள் இரண்டினுள் ஒன்றைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து அதில் அப்பாடத்தை நடத்தி, இரு வகுப்பினருக்கும் ஒரே வினாக்களைப் பாடத்தின் முன்னும் பின்னும் அளித்து ஒப்பிடலாம். ஓரிரு வகுப்புகளைக் கொண்டு முடிவு கட்டாமல், பல ஊர்களில் இவ்வாறு செய்து முடிவுகளைத் திரட்டுவது குழுவால் மட்டுமே இயலும்.

முடிவாக, இதற்குப் பெரும் பொருட்செலவோ கட்டடமோ தேவையில்லை. பத்துப் பேர், ஒரு பதிவேடு, குறித்த நாளில் தவறாது வெளிவரும் ஒரு தாள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். சித்தூரின் ஒரு கல்லூரியில் தனியே நின்று புள்ளியியல் கற்பிக்கும் புதிய ஆசிரியரின் கைக்கு அத்தாள் கிடைக்கட்டும். மறுநாள் அவர் கரும்பலகையில் எழுதும் பத்து எண்களும் ஒரு வயலிலிருந்தோ சந்தையிலிருந்தோ வந்தவையாக இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று மாணவர் கேட்டால், அவரிடம் விடை இருக்கும்.